பிரித்துப் பார்க்காமல் நம்பர் கிடையாது

மலை மேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில், மாதேஸ்வரனின் டீக்கடைத் தூணில் ஒரு சிறிய கத்தி சணல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அது வெங்காயம் நறுக்குவதற்கு அல்ல. பார்சல் வண்டி மலையேறி வந்து நின்றதும், யாருடைய பெட்டியோ அவர்கள் அந்தக் கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்து, உள்ளே இருப்பதைப் பெஞ்சின் மேல் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான், பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சொல்லும்படி தங்கள் செல்போனுக்கு வந்த நம்பரை வண்டிக்காரரிடம் சொல்வார்கள். சுற்றுலா வந்தவர்கள் இதை ஏதோ ஏலம் என்று நினைத்துக்கொண்டு அருகில் வந்து விலை கேட்டதும் உண்டு.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவள் பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்த சுகுணா. அவளைப் பற்றி இப்போது ஊரில் பல விதமாகப் பேசுகிறார்கள். கம்பெனிக்காரன் அவள் காலில் விழுந்தான் என்கிறார்கள். விழவில்லை. லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு வாங்கினாள் என்கிறார்கள். வாங்கவில்லை. எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான்தான் அவளுடைய மனுக்களை எழுதிக் கொடுத்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நேரில் பார்க்காததை யார் சொல்லிக் கேட்டேன் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சுகுணாவின் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறியவர். அவள் பிறந்தது எஸ்டேட் லயத்தில். அம்மா காப்பிப் பழம் பறித்தாள். சுகுணா பறிக்கப் போகவில்லை. செவ்வெறும்புக் கடி தாங்காது என்று காரணம் சொல்வாள். ஏரிக்கு மேலே இருந்த ஒரு லாட்ஜில் அறை கூட்டவும் படுக்கை விரிக்கவும் சேர்ந்தாள். அங்கே ஒரு நாள் சில பூத்துண்டுகள் காணாமல் போயின. மேனேஜர், அறை வேலைக்காரப் பெண்கள் எல்லாருடைய சம்பளத்திலும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகுணா மட்டும் கேட்ட கேள்வியை அவளோடு வேலை பார்த்த ஜோஸ்லின் எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"கெஸ்ட்டு பையத் தொறந்து பாக்கப் பயப்படறவீங்க, எஞ் சம்பளத்துல மட்டும் எப்பிடிங்க கைய உடறீங்க?"

அதோடு அந்த வேலை போயிற்று. அவள் வேறு லாட்ஜைத் தேடவில்லை. தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு தொட்டியும் துவைகல்லும் போட்டுக்கொண்டு, காட்டேஜ்களின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டுகளை வாங்கி வந்து துவைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். புருஷன் நல்லமுத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பவர், காப்பிச் செடிக்கு வெயில் பட நிழல் மரக் கிளைகளைக் கழிப்பவர். மகள் மலர் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சுகுணாவின் வேலை சுத்தமாக இருந்ததால் காட்டேஜ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதில் பெரியது கமலக்கண்ணனுடையது. அவர் சேலத்துக்காரர். மலை மேல் கட்டிய காட்டேஜ்களை அவரே நேரில் இருந்து நடத்துகிறார்.

இந்த மலையில் துவைப்பது பெரிய காரியமில்லை, காய வைப்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். காலையில் கொடியில் போட்ட பெட்ஷீட் மறுநாளும் கையில் ஒட்டும். அதனால் இங்கே துணி வெளுப்பவர்கள் அறைக்குள் கயிறு கட்டி, கீழே கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். துணி காயும், கூடவே புகை வாசமும் ஏறும். விருந்தாளிகள் தலையணையில் முகம் வைத்ததும் மூக்கைச் சுளிப்பார்கள். ஆகவே சுகுணா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, துணி உலர்த்தும் மெஷின் ஒன்றை, விடுமுறைக்கு வந்திருந்த மலரின் செல்போனில் தன் நம்பரைக் கொடுத்து ஆர்டர் செய்தாள். விற்றது வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் கம்பெனி. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

இப்போது பார்சல் வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். வண்டி வெள்ளக்கடைக்குள்ளோ கரடியூர்ப் பக்கமோ போகாது. எல்லாப் பெட்டிகளும் மாதேஸ்வரன் கடையில் இறங்கும். அவர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வந்திருக்கும் நம்பரைக் கேட்டு வண்டிக்காரரிடம் சொல்லிவிடுவார். பிறகு பைக்கில் அந்தப் பக்கம் போகிற யாராவது தன்னுடையதோடு அண்டை வீட்டாருடையதையும் எடுத்துப் போவார்கள். பெரிய மெஷின்களுக்கு மட்டும் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. பெட்டியை வாங்குபவர் கண் முன்னே திறந்து, உள்ளே சோதித்து, 'புதியது, குறையில்லை' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே நம்பரைக் கேட்க வேண்டும். அந்த விதி சுகுணாவுக்குத் தெரியாது. வண்டிக்காரருக்குத் தெரியும். மாதேஸ்வரன் போனில் கேட்டார். அவள் சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நம்பரைப் படித்துச் சொன்னாள். பெட்டி கட்டின கட்டுக் குலையாமல் ஜீப்பில் ஏறி அவள் வீட்டுக்கு வந்தது.

தன் பழைய சேலைகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். காய்ந்தன. பிறகு கமலக்கண்ணனின் பெட்ஷீட்டுகளைப் போட்டாள். சூடு ஓர் அளவுக்கு மேல் போனால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. திறந்தபோது வெள்ளைப் பெட்ஷீட்டுகளில் பழுப்புப் பழுப்பாகத் தீய்ந்த வரிகள்.

அவள் மறைக்கவில்லை. மூட்டையைத் தானே தூக்கிப் போய்க் கமலக்கண்ணன் முன்னால் பிரித்துக் காட்டி, மெஷின் தீய்த்துவிட்டது என்று சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் தூங்கியிருப்பாய், புது மெஷின் மேல் பழி போடாதே என்று வேலைக்காரர்கள் முன்னிலையில் சொன்னார். காட்டேஜ்காரர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், தீய்ந்த துணியின் படத்தைப் போட்டு, வெள்ளக்கடை சுகுணாவிடம் துணி கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்கவும் என்று எழுதினார். அந்த வாரமே பல காட்டேஜ்கள் துணியை நிறுத்திவிட்டன.

வழக்கு என்று பேச்சு வந்ததும் எல்லாரும் மெஷினுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியே பேசினார்கள். அவளுக்கு அது இரண்டாம் பட்சம். துணியைத் தீய்த்தது தன் கை இல்லை என்று இந்த மலை ஒத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் அவள் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேலையில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள். மலையேறி வர ஆள் இல்லை, படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினாள். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. எலக்ட்ரீஷியன் சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டாள். மெஷினின் பின்தகட்டைக் கழற்றியபோது நானும் அங்கே இருந்தேன். திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. உள்ளே உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே, வாத்துப் படம் போட்ட ஒரு கைக்குழந்தையின் காலுறை கருகிக் கிடந்தது. சூசைமாணிக்கம் அதை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க சுகுணா, இது இன்னொரு ஊட்டுல குடித்தனம் பண்ணிட்டு வந்துருக்குதுங்க. கொழந்தயோட."

யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியதைத் துடைத்துப் புதிது என்று விற்றிருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. சேலத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன்.

இப்போது கம்பெனி பதில் தந்தது. மனுதாரர் வியாபாரம் செய்பவர், நுகர்வோர் அல்ல என்றார்கள். பெட்டி அவர் முன்னிலையில் திறந்து சோதிக்கப்பட்டது, புதியது என்று ஒப்புக்கொண்டுதான் நம்பர் தந்தார், பார்சல் ஆபீஸின் பதிவு இதோ என்றார்கள். காலுறையோ காட்டேஜ் விருந்தாளிகளின் குழந்தையுடையதாம். துணி துவைப்பவர் வீட்டு மெஷினில் கிடப்பதில் என்ன அதிசயம் என்று கேட்டிருந்தார்கள். தன் கவனக்குறைவை மறைக்க மனுதாரர் பொய் சொல்கிறார் என்று முடித்திருந்தார்கள். நான் தமிழில் சொல்லி முடித்ததும் சுகுணா தாளின் மேல் விரலை வைத்தாள்.

"அந்தப் பொய்யிங்கற எடத்த மட்டும் மறுக்காப் படிங்க, ஐயா."

படித்தேன்.

"செரிங்க. இனி மெஷினு பேச்சு அப்பறம். மொதல்ல இந்த வார்த்தைய அவிக வாயில இருந்து புடுங்கோணும்."

வியாபாரம் என்ற வாதம் நிற்காது. தன் கையால் உழைத்துத் தன் பிழைப்புக்காக வாங்குபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது; அதை எழுதிக் கொடுத்தோம். காலுறை விஷயத்தில் அவள் சொன்னதும் கம்பெனி சொன்னதும் எதிரெதிராக நின்றன. பெட்ஷீட்டும் துண்டும்தான் வாங்குகிறேன், விருந்தாளி துணி தொடுவதில்லை என்று அவள் சொன்னாள். அதற்குச் சாட்சி அவள் மட்டும்தான். எல்லாம் போய் முட்டி நின்றது ஒரே இடத்தில்: பெட்டி திறந்து பார்க்கப்பட்டதா? பார்க்கவில்லை என்று சொல்லக்கூடியவர் மாதேஸ்வரன் ஒருவர்தான்.

அவரிடம் போனோம். மாதேஸ்வரன் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, எனக்கு எதுக்கு கோர்ட்டு வம்பு என்றார். பெட்டிகளை வைத்துக்கொள்ள பார்சல் ஆபீஸ் அவருக்கு மாதா மாதம் ஏதோ கொடுக்கிறது. பார்சல் எடுக்க வருபவர்கள் டீயும் குடிக்கிறார்கள். அதோடு, நம்பர் சொன்னது தன் வாய் என்பதால் தன்னையும் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம்.

"ஏனுங்கண்ணா, பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கலீங்க. பாக்காததப் பாத்தேன்னு அவிக எழுதிருக்காங்க. பாக்கலைன்னு சொல்லுங்கன்னு கேக்கறேன்."

"அம்மிணி, டீ குடிக்கறியா?"

"உங்க டீய ஒண்ணும் பிரிச்சுப் பாக்காமக் குடிக்கறதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். நானும் டீ குடிக்காமல் வந்தேன்.

அடுத்த முறை சேலத்துக்குப் போனபோது கம்பெனியின் வக்கீல் வராந்தாவிலேயே எங்களை நிறுத்தினார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். புது மெஷின் தருகிறோம், செலவுக்கும் கொடுக்கிறோம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பயன்படுத்திய முறையில் ஏற்பட்ட தவறினால் துணி சேதமானது என்று அதில் இருந்தது. கூட வந்திருந்த நல்லமுத்துவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றே தோன்றியது. சாட்சி இல்லை, பழைய மெஷின் வீட்டின் முன்னறையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது, ஆதாரம் என்று யாரையும் தொட விடாமல் சுகுணா காத்து வருகிறாள். "நம்மூட்டுல அதுக்குத்தான் மொதல் மரியாத. நான் வேண்டாத பூனையாட்டச் சுத்திப் போறேன்" என்று அவர் பஸ்ஸில் வரும்போதே முனகியிருந்தார்.

சுகுணா தாளைத் தொடவில்லை.

"மெஷின நீங்களே வெச்சுக்கோங்க சார். நான் தீய்க்கலைன்னு எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்படி எழுதக் கம்பெனி சம்மதிக்காது, சாட்சி இல்லாமல் தோற்றால் இதுவும் கிடைக்காது என்று வக்கீல் எடுத்துச் சொன்னார்.

"தோத்தா, தோத்துட்டு வந்தேன்னு சொல்லிக்கறனுங்க. நானே கையெழுத்துப் போட்டா என்னன்னு சொல்லிக்கறது?"

பஸ் மலையேறும்போது நல்லமுத்து அவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

சில நாளில் நல்லமுத்துவுக்காக வாங்கிய மழைக்கோட்டு ஒன்று பார்சலில் வந்தது. மாதேஸ்வரன் வழக்கம்போலப் போன் போட்டு நம்பர் கேட்டார். சுகுணா சொல்லவில்லை. நேரில் வருகிறேன் என்று சொல்லி, வேலையைப் போட்டுவிட்டு ஒண்டிக்கடைக்கு நடந்து வந்தாள். அங்கே நடந்ததை நான் பார்த்தேன். வண்டிக்காரர் தமிழ்செல்வன் பெட்டியைக் கையில் கொடுத்து நம்பர் கேட்டார். பிரியுங்கள், பார்க்கிறேன் என்றாள்.

"அக்கா, இது பிரிச்சுக் காட்டற அயிட்டம் இல்லீங்க."

"பிரிச்சுக் காட்டற அயிட்டத்தையே நீங்க பிரிக்கலீங்களே தம்பி. பாக்கிய இதுல கழிச்சுக்கறேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தமிழ்செல்வன் சிரிக்கவில்லை. வண்டியில் இன்னும் பாதிச் சுமை இருந்தது. கடைசியில் பிரித்தார். கோட்டு நன்றாகவே இருந்தது. அவள் நிதானமாகக் கையை விட்டுப் பார்த்து, பித்தான்களைப் போட்டுக் கழற்றி, அப்புறம் நம்பரைச் சொன்னாள்.

அடுத்து நின்றவர் கரடியூரிலிருந்து வந்த ஐயாக்கண்ணு என்ற விவசாயி. மிக்ஸி வாங்கியிருந்தார். வேடிக்கைக்குத்தான் தன்னுடையதையும் பிரிக்கச் சொன்னார். ஜாடி விரிசல் விட்டிருந்தது. நம்பர் தர மாட்டேன், எடுத்துப் போ என்றார். அது கரடியூருக்கும் வெள்ளக்கடைக்கும் பரவ அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு அடுத்த வண்டி வந்தபோது, போனில் நம்பர் சொல்ல ஆள் இல்லை. எல்லாரும் நேரில் வந்து வரிசையில் நின்றார்கள். செருப்பு, குக்கர், பாடப்புத்தகம், சாமி படம் எல்லாம் பெஞ்சில் பிரிந்தன. தமிழ்செல்வன் சாயங்காலம் வரை ஒண்டிக்கடையிலேயே நின்றார்.

பார்சல் ஆபீஸின் மேலாளருக்குக் கோபம் வந்தது. அவர் மாதேஸ்வரனின் வாட்ஸ்அப்புக்குப் பேசி அனுப்பினார். மாதேஸ்வரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கை எப்போதும் பாலிலும் சர்க்கரையிலும் இருப்பதால், வருகிற பேச்சையெல்லாம் முழுச் சத்தத்தில் வைத்து, விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். அவருடைய மச்சான் கடன் கேட்டது, சம்சாரம் திட்டியது எல்லாம் அப்படித்தான் ஊருக்குத் தெரியும். இதையும் அப்படியே தட்டினார். கடை நிறைய ஆள், நானும் இருந்தேன்.

"யோவ் மாதேஸ்வரா, இத்தன வருசமா அந்த மலையில எவன்யா பொட்டியப் பிரிச்சுப் பாத்தான்? எப்பவும் போல நம்பர வாங்கிக் குடு. இல்ல, உன் கடைக்கு வண்டி வராது. அங்க இருக்கறவங்களுக்கு இவ்வளவு போதும்னு சொல்லு."

மாதேஸ்வரன் கையில் இருந்த பாலைச் சிந்தாமல் இறக்கி வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். செல்போனை எடுத்து மறுபடியும் ஒரு முறை போட்டுக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, அந்தப் புள்ள கேட்ட காயிதத்த எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். பெட்டியைத் திறக்கவில்லை, சோதிக்கவில்லை, போனில் கேட்டு நம்பர் சொன்னேன் என்று பிரமாண வாக்குமூலம். குரல் பதிவையும் அதற்குரிய சான்றிதழோடு சேர்த்துத் தாக்கல் செய்தோம். கம்பெனி தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வாங்கியது. மாதேஸ்வரன் கடையை மூடிவிட்டுச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்படியானால் இத்தனை நாளும் திறந்து பார்த்ததாகப் பொய் சொல்லி வந்தீர்களா என்று வக்கீல் கேட்டார்.

"நம்பர் சொல்லச் சொன்னாங்க, சொன்னனுங்க. பாத்தியான்னு ஒருத்தரும் கேக்கலீங்க. இன்னைக்குத்தான் நீங்க கேக்கறீங்க. பாக்கலீங்க."

ஆணையத்தின் உத்தரவில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சோதித்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் பதிவை நம்ப முடியாது. முன்பே பயன்படுத்திய, குறையுள்ள மெஷினைப் புதியது என்று விற்றிருக்கிறார்கள். துணி தீய்ந்தது அந்தக் குறையால். மனுதாரர் பொய் சொன்னார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மெஷினின் விலையைத் திருப்பித் தர வேண்டும். நஷ்ட ஈடாகச் சிறு தொகை. நாங்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. கம்பெனி மேல்முறையீடு போகலாம் என்று அவளை எச்சரித்தேன்.

"போகட்டுங்க. எங்க போனாலும் நானும் வாரேன்" என்றாள்.

போகவில்லை. மெஷினை எடுத்துப் போக ஆள் அனுப்பினார்கள். மலையேறி வர ஆள் இல்லை என்று சொன்ன அதே கம்பெனிதான். பார்சல் வண்டி கொஞ்ச நாள் வராமல் இருந்து பார்த்தது. மலையில் வாங்குபவர்கள் நிறைய. தானாக வந்தது. அன்றைக்குத்தான் மாதேஸ்வரன் தூணில் கத்தியைக் கட்டினார்.

கமலக்கண்ணனுக்கும் செய்தி எட்டியது. அவர் அறைப் பையனிடம் ஒரு மூட்டைத் துணியைக் கொடுத்தனுப்பினார். சுகுணா அதைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினாள். முதலாளி நேரில் வந்து பிரித்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் கார் வெள்ளக்கடையில் நின்றது. நான் அப்போது உத்தரவின் நகலைக் கொடுக்க அங்கே போயிருந்தேன்.

அவள் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு பெட்ஷீட்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். ஒன்றில் மருதாணிக் கறை. இன்னொன்றில் முக்கோணமாக இஸ்திரிச் சூடு. நடுவில் அவர் துணி கொடுத்துப் பார்த்த வேறு யாரோ செய்தது. இரண்டையும் தனியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதெல்லாம் என்னுதில்லீங்க சார். நல்லாப் பாத்துக்கோங்க."

கமலக்கண்ணன் சங்கடமாகச் சிரித்தார். நடந்தது நடந்துபோச்சு, இனி பழையபடி எல்லாத் துணியும் உனக்குத்தான் என்றார். அவள் மீதித் துணியை மறுபடி மூட்டையாகக் கட்டினாள். ஆனால் தூக்கவில்லை.

"அன்னைக்கு குரூப்புல போட்டீங்களே, அதே குரூப்புல போடுங்க. சுகுணா தீய்க்கல, மெஷினு தீய்ச்சுதுன்னு."

"ஊட்டுக்குப் போயிப் போட்டுடறேன், சுகுணா."

"அப்ப துணியும் ஊட்டுலயே இருக்கட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகலை நீட்டினேன். எந்த வரியை எழுத வேண்டும் என்று காட்டினேன். துவைகல் ஓரமாக நின்று செல்போனில் தட்டினார். தட்டி முடித்துச் செல்போனைப் பைக்குள் போடப் போனவரை அவள் விடவில்லை.

"படிச்சுக் காட்டுங்க."

படித்தார். அவள் கடைசி வார்த்தை வரை கேட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, மூட்டையைத் தூக்கித் தொட்டியடிக்குக் கொண்டு போனாள்.